எபனேசரின் மலைப்புள்ளி

பாறசாலைப் பக்கத்தில் இன்னார்தான் பொறாமைக்காரர் என்று ஒருவரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் மனம் வருந்துவார்கள். எல்லோரும் அவரவர் வசதிக்கேற்பப் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் மாடி எழும்பினால் ஒன்று, அந்த மாடிக்கு டைல்ஸ் ஒட்டினால் அதற்கு மேல் ஒன்று, அவர்கள் வீட்டுப் பலா கூடுதலாகக் காய்த்துவிட்டால் பருவம் முடியும்வரை ஒன்று. இதெல்லாம் கணக்கில் வராது. ஒரு லாரியின் திருகாணிக்காகப் பொறாமைப்பட்டு, ஆசையாக வாங்கிய சாளை மீன் இருந்த பாத்திரத்தைத் திறக்காமலே வைத்திருந்த பெருமை பம்பு நேசமணி ஒருவருக்கே உண்டு.

அவருடைய பட்டறை பாறசாலையிலிருந்து இஞ்சிவிளைக்குப் போகும் வழியில் இருந்தது. நாலு தூண், தகரக் கூரை, டீசல் ஊறிக் கறுத்த மண். பழைய லாரிகளின் டீசல் பம்பைச் சரிசெய்வது அவர் தொழில். புது லாரிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மலை ஏறினால் அதுவே யோசித்து டீசலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பழைய லாரிக்கு யோசிக்கத் தெரியாது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே ஊற்றிய அதே அளவு டீசலை மேலேயும் ஊற்றும். பாதி எரியாமல் கரும்புகையாகப் போகும், இழுவை குறையும், இன்ஜின் சுடும். அதனால் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பம்பிலுள்ள ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருப்பி டீசலைக் குறைக்க வேண்டும். இறங்கி வந்ததும் பழையபடி வைக்க வேண்டும்.

எவ்வளவு திருப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நேசமணி வண்டியைப் பொன்முடி மலைவரை ஓட்டிப் பார்த்து, புகையை மோந்து, பம்பின் உடம்பில் இரண்டு புள்ளி வைத்துக் கொடுப்பார். ஒன்று சமவெளிக்கான நாட்டுப்புள்ளி, மற்றது மலைப்புள்ளி. திருகாணியின் தலையில் அரத்தால் இழுத்த ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு எந்தப் புள்ளிக்கு நேராக நிற்கிறதோ, வண்டி அந்த ஊருக்கு உகந்தது.

புள்ளி வைப்பது க்யூட்டெக்ஸால். பெயின்ட் டீசலில் ஊறி உரிந்துவிடும். பெண்பிள்ளைகள் நகத்தில் பூசுகிற சாதனம் மட்டும் போகவே போகாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகையில் மகள் லிஷாவின் சிவப்பு க்யூட்டெக்ஸ் இருக்கும். தேவைப்படும்போது எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். சிவப்புப் புள்ளி என்றால் நேசமணியின் கை என்று லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

இளவயதில் அவரும் லாரி ஓட்ட ஆசைப்பட்டவர்தான். ஹெவி லைசென்சுக்கு முன் கண் டாக்டர் ஒரு புத்தகத்தைக் காட்டினார். பக்கம் முழுக்கப் பல நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. அதில் ஓர் எண் ஒளிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். நேசமணி வெகுநேரம் பார்த்துவிட்டு, புத்தகத்தில் அச்சுப்பிழை என்று பதில் சொன்னார். லைசென்ஸ் கிடைக்கவில்லை. டாக்டர் கைக்கூலி எதிர்பார்த்தார் என்றே இன்றுவரை சொல்லிவருகிறார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். இடி கிழக்கே உருண்டுகொண்டிருந்தது, மழை இன்னும் வரவில்லை. ஆனந்தபாய் கணவனுக்குத் தூக்குப்பாத்திரத்தில் சோறும் அவர் வாங்கிக்கொடுத்த சாளையில் வைத்த குழம்பும் கொண்டுவந்திருந்தாள். அப்போதுதான் அவள் தம்பி விஜயதாஸ் தன் லாரியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். முகப்பில் 'எபனேசர்' என்று எழுதிய லாரி. விஜயதாஸைவிட இரண்டு வயது இளையது. தேங்காய் ஏற்றிக்கொண்டு மூணாற்றுக்குப் போகும். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு இறங்கும். அண்மையில்தான் நேசமணி அதன் பம்பை முழுக்கக் கழற்றிச் சரிசெய்து பூட்டி, நாட்டுப்புள்ளியை இருந்தபடி விட்டு, மலைப்புள்ளியை மட்டும் புதிதாக வைத்துக் கொடுத்திருந்தார். அதற்குப்பின் இது முதல் ஓட்டம்.

விஜயதாஸ் கேபினிலிருந்து குதிக்கும்போதே பேசத் தொடங்கிவிட்டான்.

"அத்தான், ஏறுனது ஏத்தமே இல்ல கேட்டியளா! எபனேசரு பாட்டும் பாடிட்டுல்லா ஏறிச்சு. பொறத்தால ஒரு நூலு கரி இல்ல. ஒரு புது லாரிக்காரன் எட்டிப் பாத்துட்டு, 'சேட்டா, இது இன்ஜின் மாத்தியோ'ன்னு கேக்குதான்."

"பின்ன?" நேசமணி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார். பாராட்டு வரும்போது வானத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். "யாருக்க கையாக்கும்!"

"இத்தன காலத்துல இப்படி ஒரு ஏத்தம் ஏறுனதில்ல அத்தான். அக்கா, நீயும் வந்து பாரு, ஒனக்க மாப்பிள செஞ்சு வச்சிருக்கத."

"அதுக்க மூஞ்சிய நான் பாத்து என்னத்துக்கு?" என்றாள் ஆனந்தபாய். "ராத்திரி ஒறக்கத்துலயும் இவரு அதுக்க பேரத்தான் சொல்லுதாரு. எனக்க பேரு என்னன்னு கேட்டா ரேஷன் கார்டு எடுத்துப் பாப்பாரு."

சொன்னாளே தவிர, எட்டிப் பார்த்தாள். கணவனை இத்தனை வருடம் பிடித்துவைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று பார்க்கிற பார்வைதான் அது. பார்த்தவள் புருவத்தைச் சுளித்தாள்.

"இதென்ன, பச்சைப் பொட்டு?"

"எங்க?"

"இந்தா. ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. நீங்க எப்பமும் செவப்பில்லியா வைப்பிய?"

விஜயதாஸும் குனிந்தான். "அட, ஆமா. மலைப்புள்ளி பச்சையாக்கும். நான் கவனிக்கல அத்தான். கோட்டை நேராக்குனேன், ஏறுனேன்."

நேசமணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். இரண்டு புள்ளிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் அவருக்குத் தெரிந்தன. ஆனால் இரண்டு பேர் பச்சை என்று சொல்லும்போது மூன்றாமவர் மறுப்பது நன்றாக இருக்காது.

"எனக்கும் கண்ணு உண்டு. பச்சைதான்" என்றார். சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவருக்கு உறைத்தது. நான் வைத்தது சிவப்பு. இருப்பது பச்சை. அப்படியானால் என் புள்ளியைச் சுரண்டி எறிந்துவிட்டு வேறொருவன் தன் புள்ளியை வைத்திருக்கிறான்.

"எலே விஜயதாசு, உள்ளத உள்ளபடி சொல்லு. காரோட்டில வண்டிய நிறுத்துனியா?"

"சாயா குடிக்க நிறுத்துனேன்."

"சாயா! பாறசாலையில எங்கயும் இல்லாத சாயா அவனுக்க ஷெட்டுக்கு முன்னாலதான் விக்குதா?"

அவன் என்றால் ரெத்தினதாஸ். காரோட்டில் பைபாஸ் ஓரம் அவனுக்கும் ஒரு பம்புப் பட்டறை உண்டு. கேட் பச்சை, பெஞ்சு பச்சை, ஸ்கூட்டர் பச்சை. பம்பில் அடையாளம் வைப்பதும் பச்சை பெயின்ட். அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் தொழில் விரோதம். ஆனால் ஆனந்தபாயை முதலில் பெண் பார்க்க வந்தவனும் ரெத்தினதாஸ்தான். வந்து, தட்டிலிருந்த முந்திரிக்கொத்தை ஒன்று விடாமல் தின்றுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லி அனுப்புவதற்குள் நேசமணி வீட்டார் முந்திக்கொண்டார்கள். அதனால் நேசமணிக்குத் தான் ஜெயித்தோமா, அவசரப்பட்டோமா என்று இன்னும் முழுத் தெளிவு இல்லை.

"சத்தியமாட்டு நான் அவருட்ட வண்டியக் காட்டல அத்தான்."

"நீ காட்டல. நீ சாயா குடிச்சா. அவன் கை சும்மா இருக்குமா?" நேசமணி திருகாணியை முறைத்தார். "அப்ப, பாட்டும் பாடிட்டு ஏறிச்சு."

விஜயதாஸுக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "அவ்வளவு ஒண்ணும் பாட்டில்ல அத்தான். சுமாராட்டுதான்."

"மாத்திப் பேசாத. இத்தன காலத்துல இப்படி ஏறுனதில்லன்னு நீதானே சொன்னா."

"நடுவுல முக்கலும் மொனகலும் கூட உண்டும் அத்தான். எனக்கு வாயில வந்தது சொல்லிப்போட்டேன்."

"ஒரு நூலு கரி இல்லன்னியே?"

"ரெண்டு மூணு நூலு உண்டும்."

நேசமணி சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. மழை வந்து தகரத்தில் விழுந்தது.

விஜயதாஸுக்கு வேறு கவலை இருந்தது. பம்பைக் கழற்றிப் பூட்டுவதற்குமுன் எபனேசர் வழியில் நின்று நின்று போனதில் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூணாற்றில் காய்கறி ஏற்றிவிடும் மொத்த வியாபாரி, இனி ஒருமுறை சாயங்கால ஏற்றத்துக்கு வந்துசேராவிட்டால் அந்த ஓட்டத்தை நெய்யாற்றின்கரைக்காரனின் புது லாரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஓட்டம் போனால் எபனேசருக்குப் பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்கடை தவிர வேறு இடமில்லை. விஜயதாஸுக்கு அதுகூடக் கிடையாது. அதனால் யார் வைத்த புள்ளியானாலும் அது அங்கேயே இருக்கட்டும் என்பது அவன் ஜெபம். வாய்விட்டு ஜெபிக்கும் சூழ்நிலை இல்லை.

மறுநாள் காலை, எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் சதாசிவன் கிளாசை நீட்டிக்கொண்டே தன் மலையாளத்தில் கேட்டான்.

"எந்தரண்ணா, முகம் கடந்நல் குத்தியதுபோலெ?"

"ஒண்ணுமில்ல."

"விஜயதாஸின்டெ வண்டி நல்ல கேற்றம் கேறி என்னு கேட்டல்லோ. காரோட்டுக்காரன்டெ பணி ஆணோ?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் பறயுந்நு." சதாசிவன் சீனியைக் கலக்கினான். "அயாள் மிடுக்கனாணு, அல்லே?"

ரெத்தினதாஸ் கெட்டிக்காரன் என்று கேட்டதும் நேசமணி சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். குளவி கொட்டியதாகச் சொன்ன முகத்தை அன்றே சவரம் செய்துகொண்டார். மறுநாளும் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் சவரம் செய்கிற மனிதர் வாரம் முழுக்க வழுவழுவென்று நடமாடியதை ஆனந்தபாய் கவனித்தாள். பம்பும் கையுமாக இருட்டுவதுவரை பட்டறையில் கிடப்பவர் மத்தியானமே வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்து, மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுச் சாளைக் குழம்பில் தொட்டுக்கொண்டு, "கொழம்பு கொள்ளாம்" என்று பாராட்டினார். ஆனந்தபாய் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், வேறு யாராவது சமைத்திருக்கிறார்களா என்று.

அவள் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வேலையுள்ள நாட்களில் ஒன்பது மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தோடு என்கிற ஓடையின் கரையில் மண் வெட்டிவிட்டு வருவாள். இப்போது நேசமணி ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். விட்டுவிட்டுப் போகாமல், வேலை செய்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று கண்ணால் ஒரு சுற்று எண்ணிவிட்டுப் போனார். இருந்தவர் ஒருவர், அவருக்கும் எழுபது தாண்டியிருந்தது.

"எக்கா, அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் கூட வேலை செய்யும் பிரேமகுமாரி. "புதுமாப்பிள மாதிரியில்லா கொண்டு விடுதாரு."

"பிராந்து பிடிச்சிருக்கு" என்றாள் ஆனந்தபாய். மண்வெட்டியை ஓங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு பொட்டு பச்சையாப் போச்சாம், அதுக்காக்கும்."

"எனக்க வீட்டுக்காரரு கால்ல விழுந்து கெடந்தாலும் பைக்குல ஏத்தமாட்டாரு. ஒரு பொட்டு எனக்கும் வாங்கித் தாங்கக்கா."

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நேசமணி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த முக்காலியில் அவர் கடைசியாக உட்கார்ந்தது மகளின் ஞானஸ்நானத்தின்போது.

"அவன் பெண்ணு பாக்க வந்தானே."

"யாரு?"

"யாரா? அந்தக் காரோட்டுக்காரன். அண்ணைக்கு நீ என்ன சாரி உடுத்திருந்தா?"

"எனக்கு என்ன ஓர்மை? எத்தன காலமாச்சு."

"ஓர்மையில்லாம இருக்குமா?"

ஆனந்தபாய் மீன் செதிலை உரசிக்கொண்டிருந்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். "பச்சைன்னு தோணுது."

முக்காலி கொஞ்சம் கிரீச்சிட்டது.

"முந்திரிக்கொத்து முழுக்கத் தின்னான், இல்லியா?"

"தின்னாரு. நல்லா இருக்குன்னு எங்கம்மைட்ட சொல்லிட்டும் போனாரு. நீங்க ஒண்ணு எடுத்துக் கடிச்சிட்டு, பாகு முறுகிப்போச்சுன்னு சொன்னிய."

"முறுகித்தானே இருந்துது?"

"இருந்துது. அவரு சொல்லல."

நேசமணி எழுந்து வெளியே போனார். ரப்பர் மரங்களுக்கு நடுவே அங்கும் இங்கும் நடக்கிற சத்தம் கேட்டது. ஆனந்தபாய் மீனைக் கழுவினாள். இந்த மனிதர் தன்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நடக்கிறார் என்ற நினைப்பு ஒரு பக்கம். இல்லை, பம்பைப் பற்றித்தான் நடக்கிறார், நான் அதற்குத் துணைக்கறி என்ற எரிச்சல் மறுபக்கம். ஒரு இரும்புச் சாமானத்தோடு போட்டி போடுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை வருடமும் தோற்றுக்கொண்டேதான் இருந்தாள்.

அடுத்த ஓட்டத்துக்கு எபனேசர் புறப்பட வேண்டிய நாள் வந்தது. காலையில் நேசமணி கண்ணாடிமுன் நின்று தலை சீவினார். பிறகு பலகையிலிருந்து க்யூட்டெக்ஸ் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லிஷா நெய்யாற்றின்கரையில் லேப் டெக்னீஷியனுக்குப் படிக்கிறவள். பஸ்ஸுக்கு நேரமாகி, ஒரு காலில் செருப்பும் கையில் புட்டுமாக நின்றாள்.

"செவப்பு தீரப்போவுதே மக்கா" என்றார் நேசமணி. "புதுசு ஒண்ணு வாங்கி வையி."

"அப்பா, அது—"

ஆனந்தபாய் மகளின் செருப்பில்லாத காலை மிதித்தாள். லிஷா புட்டோடு சேர்த்து வாக்கியத்தையும் விழுங்கினாள். நேசமணி பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். சத்தம் மறைவதுவரை இருவரும் அசையவில்லை.

"அம்மா, அது பச்சையாக்கும். செவப்பு ஓணத்துக்கு முன்னயே தீந்துபோச்சு. காலேஜ் ஓணத்துக்கு நான் வாங்குன பச்சை அது."

"எனக்குக் கண்ணு தெரியும்."

"அப்ப அப்பாக்கு?"

ஆனந்தபாய் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சந்தையிலிருந்து பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் கலந்து வாங்கிவருகிற மனிதர். கிறிஸ்மசுக்கு அவள் கேட்ட சிவப்புச் சேலைக்குப் பதிலாகப் பாசி நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து, கேட்டது இதுதானே என்று சாதித்தவர். அச்சுப்பிழையுள்ள அந்தப் புத்தகம். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கடைசியாக எபனேசரின் பச்சைப் புள்ளி வந்தது. ஓணம் கழிந்து, இந்தப் பாட்டிலைச் சிவப்பென்று கொண்டுபோய், தன் கையாலேயே வைத்த புள்ளி. காரோட்டுக்காரன் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

"எட்டி மக்கா" என்றாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. "ஒனக்க அப்பா இத்தன நாளும் அசூயைப்பட்டது அவரு மேலயேயாக்கும்."

"பாவம் அம்மா. சொல்லிரு."

"சொல்லலாம். என்ன அவசரம்?"

"அம்மா!"

"இண்ணைக்குச் சொன்னா நாளைக்கு நான் பஸ்ஸுல தொங்கணும். நீ போ, ஒனக்க பஸ்ஸு வருது."

பட்டறையில் நேசமணி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள். அவர் பழைய மலைப்புள்ளியை ஊசிமுனையால் சுரண்டினார். காரோட்டுக்காரன் வைத்த இடத்தில் வண்டி பாட்டுப் பாடி ஏறியது என்றால், தன் இடத்தில் அது துள்ளி ஏற வேண்டும். அதற்கு ஒரே வழி டீசலைக் கொஞ்சம் கூட்டிவைப்பது. மலையில் டீசலைக் கூட்டுவது மூச்சுத் திணறுகிறவனுக்குக் கூடுதல் சோறு போடுவது மாதிரி என்று லாரிக்காரர்களைத் திட்டுகிறவரே அவர்தான். அன்று அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. புதிய இடத்தில், பாட்டிலைத் திறந்து, நல்ல அழுத்தமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பச்சையாக.

விஜயதாஸ் வந்து பார்த்தான். "அத்தான், இதுவும்..." என்று தொடங்கி, அத்தானின் முகத்தைப் பார்த்து, "நல்லாட்டு இருக்கு" என்று முடித்தான்.

"அடிமாலி தாண்டி ஏத்தம் தொடங்குனதும் நிறுத்தி இதுக்கு நேராக் கொண்டுவா. மத்தவன் வச்சதுக்கும் நான் வச்சதுக்கும் வித்தியாசம் ஒனக்கே தெரியும்."

தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் நேசமணி சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஆனந்தபாயின் போன் அடித்தது. வெளியே மழை தொடங்கியிருந்ததால் சத்தம் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அத்தான் உண்டா? எபனேசரு கரி துப்புது. ஊர் முழுக்க இருட்டிப்போச்சு. பொறத்தால வாற பஸ்காரன் ஜன்னலத் தொறந்து தெறி சொல்லித் திட்டுதான். தண்ணி கொதிக்குது, வளைவுல ஓரமா ஒதுக்கியிருக்கேன். மூணு தடவ எடுத்துப் பாத்தேன், இழுக்கல. சாயங்காலத்துக்குள்ள போவலன்னா லோடு நெய்யாற்றின்கரைக்காரனுக்காக்கும். அவன் இப்பந்தான் என்னைத் தாண்டி ஹாரன் அடிச்சிட்டுப் போறான்."

ஆனந்தபாய் கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"புள்ளிய மாத்துனியளா?"

"கொஞ்சம்."

"எங்க?"

"கொஞ்சம் கூட்டி. இழுவைக்கு." மரச்சீனியை உருட்டிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் கரி தள்ளும். பொறவு செரியாவும்."

"அக்கா, இன்ஜின் தொட முடியல" என்றது போன். "பிஸ்டன் இறுகிப் பிடிச்சா எபனேசர எடுத்துட்டுப் போவ வேற லாரி வேணும்."

"பழைய எடத்துக்கே வைக்கச் சொல்லுங்க" என்றாள் ஆனந்தபாய்.

"அவனுக்க எடத்துக்கா?" நேசமணி நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, அது குழம்பின் காரத்தால் அல்ல. "எனக்க வாயால? காரோட்டுக்காரன் வச்சதுதான் செரின்னு எனக்க வாயால நான் சொல்லணுமா? ஒனக்கும் அதுதானே வேணும்?"

உண்மை அவள் நாக்கில் வந்து நின்றது. அது உங்க புள்ளி, வேற யாருதும் இல்ல. சொன்னால் நம்ப மாட்டார். நம்ப வைக்க வேண்டுமானால் பாட்டிலை எடுத்துவந்து, மிளகாயை எடுத்துவந்து, அடுத்த வீட்டுக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இந்த வயதில் ஒரு மனிதருக்கு அவர் கண்ணைப் பற்றி எடுத்துச்சொல்ல வேண்டும். அதற்குள் அங்கே பிஸ்டன் பிடித்துவிடும்.

"செரி, நீங்க சொல்லாண்டாம்" என்றாள். "புள்ளி வச்சவருட்டயே கேக்குதேன். விஜயா, நீ அந்தப் போன வை மக்கா, நான் காரோட்டுக்கு விளிச்சிட்டு ஒனக்குச் சொல்லுதேன்."

இணைப்பைத் துண்டித்துவிட்டு எண்களை அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கியது ரேஷன் கடை எண். அது ஒன்றுதான் அவளுக்கு மனப்பாடம்.

"நம்பரு?" நேசமணி எழுந்தேவிட்டார். கையில் மரச்சீனி. "அவனுக்க நம்பரு ஒனக்கு எங்கேந்து?"

"நம்பருக்கா பஞ்சம்?"

"நீ பாக்காமலே அமுக்குதா!"

"ரிங்கு போவுது, சத்தம் வைக்காதிங்க."

அவர் போனைப் பிடுங்கினார். மீன் குழம்பு திரையெல்லாம் அப்பியது. சட்டையில் துடைத்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டார்.

"எலே மக்கா! வண்டிய ஆஃப் பண்ணி வச்சிருக்கியா? பண்ணு. ரேடியேட்டர் மூடியத் தொடாத, மூஞ்சி வெந்துபோவும். நல்லா ஆறட்டும், லோடு போனாலும் போவட்டும், நீ ஆறவிடு. பொறவு பம்பப் பாரு. நான் சொரண்டுன தடம் தெரியுதா? தொட்டுப் பாரு, சொரசொரன்னு இருக்கும். புதுப் புள்ளிய விட்டுரு. அதப் பாக்கவே பாக்காத. கோட்டை அந்தச் சொரசொரப்புக்கு நேராக் கொண்டுவா."

போனில் மலை மழையும் யாரோ ஒருவனின் திட்டும் கேட்டன. வீட்டில் இருவரும் அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றார்கள். ஆனந்தபாய் நேசமணியின் கையிலிருந்து மரச்சீனியை எடுத்துத் தட்டில் வைத்தாள். சோறு ஆறி, மழை ஒருமுறை நின்று மறுபடி பிடித்த பிறகு இன்ஜின் இருமியது. இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"புகை?" என்றார் நேசமணி.

"இல்ல அத்தான்."

"ஒரு நூலும் இல்லியா?"

விஜயதாஸ் யோசித்தான். முன்அனுபவம் உள்ளவன். "நீங்க என்ன சொல்லுதிய? இருக்கணுமா, வேண்டாமா?"

"எலே, ஏறிப் போ!"

கேரட் ஏற்றும் இடத்துக்கு எபனேசர் மற்ற லாரிகளுக்கெல்லாம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சாயங்காலம் முடியவில்லை. வியாபாரி மணியைப் பார்த்து, ஆகாயத்தைப் பார்த்து, ஏற்றச் சொல்லிவிட்டார். செய்தி வந்தபோது நேசமணி மூன்றாம் தடவையாகச் சோறு போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க" என்றார், விரலை நக்கிக்கொண்டே. "அது அவனுக்க எடமில்ல. அவனுக்க எடத்துலேந்து நான் ஒரு தலைமுடி தள்ளியாக்கும் சொன்னேன். விஜயதாசுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஆனந்தபாய். "அது முழுக்க ஒங்க எடமாக்கும்."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

எபனேசர் இறங்கி வந்ததும் தவறான புள்ளி சுரண்டப்பட்டது, சரியான இடத்தில் மறுபடி ஒரு புள்ளி வைக்கப்பட்டது. விஜயதாஸ் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்க வந்தான். அக்கா அவன் கையில் ஒரு முந்திரிக்கொத்தைக் கொடுத்து வாயை அடைத்தாள். பாகு முறுகாமல் வந்திருந்தது. நேசமணி நாலு தின்றுவிட்டு, நல்லா இருக்கு என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை காரோட்டுக்காரனுக்குச் சமம், இன்னொன்று உபரி.

லிஷா புது பாட்டில் வாங்கிவர வேண்டியிருந்தது. கடையிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, எந்த நிறம்?"

"அதேதான்."

"நீ செய்யுதது பாவமாக்கும் கேட்டியா."

"ஞாயிறாழ்ச்சை சபையில சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். நீ வாங்கு."

தீரப்போகிற பழைய பாட்டிலோடு ஆனந்தபாய் புறவாசல் படியில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது, ரப்பர் இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சபைப் பெண்கள் பார்த்தால் ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள் என்று தெரிந்தும், தோட்டுக்கரை மண் ஏறிய கால் விரல்களைத் தேய்த்துக் கழுவி, வாழ்க்கையில் முதல் தடவையாக நகத்தில் க்யூட்டெக்ஸ் வைத்தாள். பெருவிரல் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நேசமணி வந்து நின்றார்.

"என்னட்டி இது?"

"நல்லா இல்லியா?"

பம்பைப் பார்ப்பதுபோல மூக்குக்கண்ணாடியை ஏற்றி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். அப்படி அவர் பார்ப்பதற்காக அவள் காலை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"செவப்பு ஒனக்கு நல்லாட்டுச் சேரும்" என்றார். பிறகு காரோட்டுத் திசையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நல்ல காலம், நீ பச்சை பூசல."

"பச்சை எனக்குச் சேராது" என்றாள் ஆனந்தபாய், அடுத்த காலை நீட்டி.